கிளி வளர்க்கும் ஊர்

எதற்கெடுத்தாலும் மார்க் போடுவதற்கென்றே இந்த நாட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. பர்கர் கடைக்கு மார்க், பல் டாக்டருக்கு மார்க், செத்தவனைப் புதைக்கிற இடத்துக்குக்கூட ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். இதில் ஊர்களை மட்டும் சும்மா விடுவார்களா? குடும்பத்தோடு குடியிருக்க உகந்த ஊர் எது என்று ஒரு பத்திரிகை வருடா வருடம் வரிசை போட்டு வெளியிடும். அந்த வரிசையில் ஒன்பது வருடமாக முதலிடத்தை விட்டு நகராமல் இருக்கிற ஊர் லார்க்ஃபீல்ட். அயோவா மாநிலத்தில், டி மொய்ன் நகரத்தை ஒட்டிய புறநகர். லேலண்ட் புரூக்கர் பெண்டாட்டி பிள்ளையோடு போய் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

லேலண்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஆலங்கட்டி மழையில் கூரை போனவர்கள் வீட்டுக்கு ஏணியோடு போவான். மேலே ஏறி, எது ஆலங்கட்டி விழுந்த பள்ளம், எது வீட்டுக்காரரே சுத்தியலால் போட்ட பள்ளம் என்று பார்த்துச் சொல்வான். நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, எண்ணாக எழுதிக் காட்டினால் எதையும் நம்பிவிடுவான். கம்பெனி அவனை ஐந்து வருடத்தில் மூன்றாவது தடவையாக வேறு மாநிலத்துக்குத் தூக்கி அடித்தது. இந்தத் தடவை டென்னசியிலிருந்து அயோவா.

சேதி கேட்டதும் அவன் மனைவி ட்ரூடி கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"வீடு எப்படி இருந்தா எனக்கென்ன," என்றாள். "குழாய் ஒழுகட்டும், அடுப்பு எரியாம போகட்டும். தெருவுல மேபலோட விளையாட ஒரு பிள்ளை இருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும். அக்டோபர் கடைசியில வர்ற ஹாலோவீனுக்குள்ள அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைக்கலைன்னா, அவளைக் கூட்டிக்கிட்டு நாக்ஸ்வில்லுக்கு எங்க அக்கா வீட்டுக்கே திரும்பிடுவேன். நீ அங்கேயே கூரை கூரையா ஏறிக்கிட்டு இரு."

"ட்ரூடி, முதலிடம் வாங்கின ஊரு..."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

விழுந்தது. மகள் மேபலுக்கு ஒன்பது வயது. மூன்று ஊரில் மூன்று பள்ளிக்கூடம் மாறி, சிநேகிதிகளைப் பிரியும்போது கையெழுத்துப் போட்ட வாழ்த்தட்டை கொடுப்பதில் கைதேர்ந்தவளாகியிருந்தாள். காரில் பின்சீட்டிலிருந்து அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அங்க யாராவது இருப்பாங்களாப்பா?"

"ஈ மொய்க்கிற மாதிரி மொய்ப்பாங்க, கண்ணு. பாத்துக்கிட்டே இரு."

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய் இறங்கினார்கள். வீடு பார்த்துக் கொடுக்கிற ஜோலீன் ஸ்ட்ரங்க் என்ற அம்மாள், வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் பூங்காக்களைக் காட்டினாள். ஒன்றல்ல, இரண்டல்ல. ஒவ்வொன்றிலும் சறுக்குமரம், ஊஞ்சல், ஏறி விளையாட மரத்தால் செய்த கப்பல். சறுக்குமரம் கண் கூசும்படி மின்னியது. ஊஞ்சல் பலகைகளில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"பிள்ளைங்க எங்கே?" என்றாள் ட்ரூடி.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை ஆச்சே," என்றாள் ஜோலீன்.

"சரி, புதன்கிழமை?"

"புதன்கிழமை புல்லு வெட்டுவாங்க."

அதற்குமேல் கேட்பதற்குள் அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டாள். நல்ல வீடு. மாடியில் மேபலுக்கு ஜன்னலோரம் ஒரு அறை. ஆனால் உடனே வாங்க முடியாதாம். முதலில் வாடகைக்கு இருக்க வேண்டும். ஊரின் குடும்ப நேச வாரியம் மூன்று மாதம் பார்த்துவிட்டு, இது நேசத்துக்குரிய குடும்பம்தான் என்று சொன்னால்தான் வாங்கலாம். அதுவரைக்கும் அவர்களுக்குப் பெயர் தற்காலிகக் குடும்பம்.

"கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாச்சு. இப்ப வந்து தற்காலிகமாம்," என்றாள் ட்ரூடி. சமையல் சாமான் இருந்த பெட்டிகளை அவள் பிரிக்கவில்லை. கூடத்திலேயே அடுக்கி வைத்துவிட்டாள். லேலண்ட் தினமும் அதில் காலை இடித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அந்த வாரமே வாரியத்தின் வரவேற்புக் கூட்டம் நடந்தது. புதிதாக வந்தது இவர்கள் ஒரு குடும்பம்தான். ஆனாலும் மேடை, ஒலிபெருக்கி, தண்ணீர்க் குவளை எல்லாம் இருந்தன. தலைவி மார்லிஸ் ஹாகன் மேடையேறினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கசங்காத கோட்டு, கலையாத சிரிப்பு.

"லார்க்ஃபீல்டுக்கு வாங்க, வாங்க," என்று தொடங்கினார். "எங்களுக்குக் குழந்தைங்கன்னா உயிரு. அதனாலதான் கம்மியா வச்சிருக்கோம்."

லேலண்ட் தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்று நினைத்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பத்திரிகைக்காரங்க என்ன பாக்குறாங்க? ஒரு குழந்தைக்கு எத்தனை பூங்கான்னு பாக்குறாங்க. பக்கத்து ஊர்ல இருக்கறது ஒரே பூங்கா. போய்ப் பாருங்க, சறுக்குமரத்துல வரிசையில நிக்குதுங்க, பாவம். முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஒரே சத்தம். அதுவா குடும்பத்துக்கு உகந்த ஊரு? இங்க ஒவ்வொரு குழந்தைக்கும் முழுசா அரைப் பூங்கா இருக்கு. இன்னும் நாலு குடும்பம் வேற ஊருக்குப் போச்சுன்னா ஆளுக்கு ஒரு பூங்காவே வந்துடும். அது எங்க கனவு. அப்புறம் பாதுகாப்பு. போன வருஷம் எங்க ஊர்ல விளையாடி அடிபட்ட குழந்தை ஒண்ணுகூட இல்லை."

லேலண்ட் தொழில் புத்தியில் கையைத் தூக்கினான். "விளையாடின குழந்தை எத்தனைங்க?"

"அதை அவங்க கேக்கறதே இல்லையே!" என்றார் தலைவி, பெருமை பொங்க. வாரிய உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து மேபலின் கன்னத்தைத் தட்டினார். "நீ வந்ததுல எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, செல்லம்? உன்னால எங்க கணக்கு கொஞ்சம் எறங்கும். அதுக்கு உன்னைக் குத்தம் சொல்ல மாட்டோம். நீ வீட்டுக்குள்ள இருந்தா யாருக்குமே தெரியாது."

வீட்டுக் கதவைத் திறக்கும்போது ட்ரூடி சொன்னாள்: "நீ ஊரைப் பாத்து எடுக்கலை லேலண்ட். மார்க்கைப் பாத்து எடுத்திருக்கே."

அவன் உள்ளே போய்ப் பெட்டியில் காலை இடித்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் திறந்தது. நான்காம் வகுப்பில் மேபல் ஒருத்திதான். அவளுக்கு ஒரு வாத்தியார், ஒரு உதவி வாத்தியார், மனசு சரியில்லை என்றால் பேச ஒரு ஆலோசகர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாநிலத்திலேயே பெரிய பெயர். மேபல்தான் வகுப்பில் முதல், மேபல்தான் கடைசி. குழுவாகச் சேர்ந்து எரிமலை செய்யச் சொன்னபோது உதவி வாத்தியார் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அவளோடு மண்ணைக் குழைத்தார். வகுப்புப் படம் எடுக்க வந்த படக்காரர், நடுவில் நிற்கும்படி அவளிடம் சொல்லிவிட்டு, பிறகு எதற்கு நடு என்று தானே யோசித்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

"இடைவேளையில என்ன பண்ணே?" என்று ஒருநாள் லேலண்ட் கேட்டான்.

"கண்ணாமூச்சி விளையாடினேன்."

"அட! யாரோட?"

"நான் போய் ஒளிஞ்சுக்கிட்டேன்," என்றாள் மேபல். "அப்புறம் மணி அடிச்சதும் நானே வந்துட்டேன்."

மறுநாள் லேலண்ட் சாக்பீஸ் வாங்கிவந்து கொடுத்தான். அவள் வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் கட்டம் போட்டு நொண்டியடித்தாள். பாதி கட்டம் தாண்டுவதற்குள் வாரியத்துத் தொண்டர் ஒருவர் ரப்பர் குழாயோடும் புன்சிரிப்போடும் வந்து கட்டங்களைக் கழுவிவிட்டுப் போனார். கதவில் ஒரு அட்டை தொங்கியது. அதற்குப் பெயர் அன்பு நினைவூட்டல். 'தங்கள் குழந்தை மகிழ்ச்சியாக இருப்பது அடுத்த தெருவரை கேட்டது. மிக்க நன்றி. இனி வேண்டாம்.'

பக்கத்து வீட்டில் வெர்ன் க்ளாக்கி, டெல்ஃபீன் என்று ஒரு தம்பதி. பிள்ளையில்லாதவர்கள் என்று ஜோலீன் சொல்லியிருந்தாள். வெர்ன் ஆறடி நான்கங்குல ஆள், லாரிச் சக்கரத்தைக் கையால் கழற்றுகிறவன் மாதிரி இருப்பான். ஒரு சனிக்கிழமை கொல்லைப்புறத்தில் அவர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். கொடியில் பூப்போட்ட சின்னச் சின்னக் காலுறைகள் ஆடின. லேலண்ட் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வெர்ன் சொன்னான்: "எனக்குக் கொஞ்சம் சின்னக் காலு."

அவன் போட்டிருந்த பூட்ஸ் படகு மாதிரி இருந்தது. ஒருத்தன் தன் காலைப் பற்றிச் சொல்லும்போது நாம் என்ன சொல்ல முடியும்? லேலண்ட் தலையாட்டினான்.

இன்னொரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னலிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ட்ரூடி பாய்ந்துபோய் வேலியில் எட்டிப் பார்த்தாள்.

"யாரு அது சிரிச்சது?"

"கிளி," என்றாள் டெல்ஃபீன். அவள் முகம் சிவந்துபோனது.

"கிளியா? என்ன சாப்பிடும்?"

"சோளப்பொரி. பால் ஊத்தி. மேல கொஞ்சம் சர்க்கரை போட்டாத்தான் தொடும்."

ட்ரூடி வீட்டுக்குள் வந்து, "இந்த ஊர்ல கிளிக்குக்கூட நம்ம பிள்ளைய விட நல்ல காலம்," என்று அக்காவுக்கு ஃபோன் போட்டாள். அக்கா வீட்டில் பின்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம். லேலண்டுக்கு அது காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

அக்டோபர் ஓடியது. லேலண்டுக்குத் தூக்கம் போயிற்று. சாயங்காலமானால் தெருத் தெருவாகக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு எங்கேயாவது ஒரு சைக்கிள், ஒரு பந்து, ஒரு உடைந்த பொம்மை கிடக்கிறதா என்று தேடினான். கூரைகளில் சின்னப் பள்ளத்தைக்கூட விடாத கண் அது. ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு தடவை, ஏன் இப்படி மெதுவாகப் போகிறீர்கள் என்று போலீஸ் நிறுத்திக் கேட்டதுதான் மிச்சம்.

ஒரே நம்பிக்கை ஹாலோவீன். அன்றைக்காவது பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்கத் தெருவுக்கு வரத்தானே வேண்டும்? மேபல் தானே யோசித்து ஆலங்கட்டி வேஷம் தேர்ந்தெடுத்தாள். அப்பா தொழிலுக்கு மரியாதை. தலையணைப் பஞ்சைப் பழைய போர்வையில் திணித்து, மேலே வெள்ளிக் காகிதம் ஒட்டி, ட்ரூடி ஒரு வாரம் தைத்தாள்.

முப்பதாம் தேதி சாயங்காலம் தற்காலிகக் குடும்பங்களுக்குக் குடும்ப நேரப் பயிற்சி என்று வாரியம் கூப்பிட்டுவிட்டது. கட்டாயம் வர வேண்டும். நகர மன்றக் கட்டடத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில், குடும்பத்தோடு நேரம் செலவிடுவது எப்படி என்று ஒரு படம் போட்டார்கள். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வாசல் புல்லில் ஒரு மிட்டாய்க் காகிதம் கிடந்தது. காற்றில் வந்திருக்கும் என்று லேலண்ட் பொறுக்கிக் குப்பையில் போட்டான்.

முப்பத்தொன்றாம் தேதி. ஆறு மணி அடித்தது. பூசணிக்காய் விளக்கை ஏற்றி வைத்து, கிண்ணம் நிறைய மிட்டாயோடு மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு வீட்டிலும் வாசல் விளக்கு இல்லை. ஆறேகால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று. ஆலங்கட்டிக்குள்ளிருந்து மேபலின் குரல் வந்தது.

"யாருமே இல்லைதானேப்பா?"

ட்ரூடி உள்ளே போனாள். படுக்கையறையில் பயணப்பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. லேலண்ட் மேபலின் கையைப் பிடித்தான்.

"வா. அவங்க வரலைன்னா நாம போவோம். ஒவ்வொரு கதவா தட்டுவோம். ஒருத்தர் விடாம."

முதலில் பக்கத்து வீடு. ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. டெல்ஃபீன் தலையை மட்டும் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வெர்ன்.

"மிட்டாயா? இன்னிக்கா?" என்றாள் டெல்ஃபீன். "ஐயையோ, அது நேத்தாச்சே! பிள்ளைங்க மிட்டாய் கேட்டு வர்ற பிச்சைக்காரர் ராத்திரி. முப்பதாம் தேதிதானே இந்தப் பக்கத்துல எப்பவும் வரும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"நேத்து எங்களை ஒரு அறையில போட்டு அடைச்சு வச்சிருந்தாங்க," என்றான் லேலண்ட்.

டெல்ஃபீன் வெர்னைப் பார்த்தாள். வெர்ன் தன் படகுப் பூட்ஸைப் பார்த்தான். ஒன்பது வயதுப் பிள்ளை வெள்ளிக் காகிதம் ஒட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. திருப்பி அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? டெல்ஃபீன் நேற்று மிஞ்சிய மிட்டாய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். எடுத்துவந்தவள் பழக்க தோஷத்தில், "சரி, ஜோக் சொல்லு," என்றாள்.

"என்ன ஜோக்?"

"இங்க மிட்டாய் சும்மா கிடைக்காது கண்ணு. அயோவாப் பிள்ளைங்க ஒரு ஜோக் சொல்லிட்டுத்தான் வாங்கும். நல்லா இருந்தாலும் சரி, கேவலமா இருந்தாலும் சரி."

மேபல் யோசித்தாள். "எனக்கு ஜோக் தெரியாது. இந்த ஊர்ல எனக்கு நடந்தது ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"பார்க்குல ஊஞ்சல் மேல பிளாஸ்டிக் இருந்துச்சு. எப்ப எடுப்பீங்கன்னு அங்க இருந்த மாமாகிட்ட கேட்டேன். இது குழந்தைங்களுக்கு, குழந்தைங்க வந்தா எடுப்போம்னாரு. நான் குழந்தைதான்னு சொன்னேன். அவரு என்னை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. பாத்துட்டு, ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு போனாரு. இன்னும் வரலை. நான் இன்னும் குழந்தையா இல்லையான்னு தெரியலை."

டெல்ஃபீன் சிரிக்கவில்லை. வெர்னும் சிரிக்கவில்லை. ஆனால் சோபாவுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்தியும் அடங்காமல் குலுங்கிக் குலுங்கி வந்தது.

"கிளி," என்றான் வெர்ன்.

"அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டது கிளி.

சோபாவுக்கு மேலே மெதுவாக ஒரு தலை எழும்பியது. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை, பூப்போட்ட இரவு உடை. மேபல் வயதுதான் இருக்கும். அவள் மேபலின் உடம்பைச் சுற்றியிருந்த பஞ்சு மூட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏய், நீ ஆலங்கட்டியா?"

மேபல் வாயைத் திறந்தபடி நின்றாள். பள்ளிக்கூடத்தில் வேஷத்தைக் காட்டியபோது வாத்தியார் முட்டை என்றும் உதவி வாத்தியார் காலிஃபிளவர் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"ஆமா! எப்படிக் கண்டுபுடிச்சே?"

"அதான் பள்ளம் பள்ளமா வெள்ளி ஒட்டியிருக்கே," என்றாள் அவள். "நான் ஓபல். நான் இங்க இல்லை. நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

டெல்ஃபீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். விஷயம் அப்போதுதான் கொட்டியது. இங்கே வீடு கேட்டு வந்தபோது பிள்ளை உண்டு என்று எழுதியவர்களுக்கெல்லாம் அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது, இடமில்லை என்று பதில் வந்ததாம். நல்ல ஊர், பிள்ளைக்கு நல்லது என்று ஆசைப்பட்டு, பிள்ளையே இல்லை என்று எழுதிக் கொடுத்து உள்ளே வந்தார்களாம். இரண்டு வருடமாக ஓபல் கார் பின்சீட்டில் படுத்துக்கொண்டே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறாளாம். வருடத்தில் ஒரு ராத்திரி, பிச்சைக்காரர் ராத்திரி மட்டும், முகமூடி போட்டுத் தெருவில் விடுவார்களாம். முகமூடி போட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் என்று வாரியமும் விட்டுவிடுமாம்.

"பிள்ளைக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தோம்," என்றாள் டெல்ஃபீன். "வந்து, அதைப் போய் கிளி ஆக்கிட்டேன். எனக்கே வெக்கமா இருக்குங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு சட்டென்று திரும்பினாள். "போடி. அவகூடப் போ. கோட்டு மாட்டிக்க. முகமூடி வேண்டாம்."

"டெல்ஃபீன், நாளைக்கு..." என்றான் வெர்ன்.

"நாளைக்கு வந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்!"

இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். லேலண்ட் பின்னால் ஓடினான். அங்கே மேபல் வகுப்புப் படம் எடுத்த கதையைச் சொன்னாள். சமையலறைக்குள்ளிருந்து இரண்டு கிளிகள் சிரித்தன. அடுத்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒன்று. அதற்கடுத்த வீட்டுக்காரர் தன் வீட்டில் யாருமே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே அவர் முழங்காலுக்கு நடுவே ஒரு முகம் எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒரு ஜோக் தெரியும்," என்றது. நேற்று வந்திருந்தால் எல்லாம் பேயும் எலும்புக்கூடுமாகப் போயிருக்கும். இன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் இரவு உடையில், பற்பசை ஒட்டிய வாயோடு, சொந்த முகத்தோடு நின்றார்கள்.

"எல்லாரும் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்றாள் மேபல். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் தேடியிருப்பேனே!"

தெருவில் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. சத்தம் கேட்டு ட்ரூடி வெளியே வந்தாள். ஒரு கையில் மேபலின் ஸ்வெட்டர், மடித்தும் மடிக்காமலும். நடைபாதை நிறைய பிள்ளைகள், நடுவே உருண்டு போகிற ஒரு ஆலங்கட்டி, அதன் கையைப் பிடித்திருக்கிற ஒரு இரட்டைப் பின்னல். ட்ரூடி அந்தக் கோத்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு லேலண்ட் அது?"

"கிளி," என்றான் லேலண்ட்.

அவள் உள்ளே போனாள். மிட்டாய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

தெருக்கோடியில் கடைசி வீடு தலைவி மார்லிஸ் ஹாகனுடையது. அதைப் பார்த்ததும் லேலண்டின் கால் நின்றுவிட்டது. அடுத்த வாரம் வாரியத்தில் அவர்கள் பெயர் வருகிறது. அந்த அம்மாள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், மாடி ஜன்னலோர அறை போயிற்று. இப்போதுதான் கிடைத்த ஓபலும் போயிற்று. மேபலைக் கூப்பிட்டு நிறுத்தலாம் என்று வாயெடுத்தான்.

"ஒருத்தர் விடாமன்னு நீதானேப்பா சொன்னே," என்றாள் மேபல்.

சொன்னவன் அவன்தான். அவனே போய் மணியை அழுத்தினான்.

கதவு திறந்தது. இந்த நேரத்திலும் கசங்காத கோட்டு. தலைவி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு கலையவில்லை.

"இதெல்லாம் எந்த ஊர்ப் பிள்ளைங்க?"

"இந்த ஊர்தாங்க," என்றான் லேலண்ட்.

"மிஸ்டர் புரூக்கர், நீங்க என்ன காரியம் பண்ணிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா? ஒன்பது வருஷம்! ஒரு ஊரையே குடும்பத்துக்கு உகந்ததா ஆக்கறதுக்கு ஒன்பது வருஷம் ராப்பகலா உழைச்சிருக்கேன். ஒரு குழந்தை அழுது கேட்டிருக்கீங்களா இங்க? ஒரு குழந்தை விழுந்து பாத்திருக்கீங்களா? ஒரே சாயங்காலத்துல எல்லாத்தையும் தெருவுக்குக் கொண்டாந்துட்டீங்களே! பத்திரிகைக்காரங்க கண்ணுல பட்டா ஐந்நூறாவது இடம்கூடக் கிடைக்காது. அப்புறம் குடும்பத்தோட வாழ இங்க யாரு வருவா?"

பின்னால் கூட்டத்தில் யாரோ விழுந்து, எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஓடினார்கள். தலைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"நாங்க மிட்டாய்க்கு வந்தோம்," என்றாள் மேபல். "ஜோக் சொல்லட்டா?"

"சொல்லக் கூடாது."

"உங்களைப் பத்தித்தான். நீங்க என்கிட்ட, வீட்டுக்குள்ள இருந்தா யாருக்குமே தெரியாதுன்னு சொன்னீங்கள்ல? நான் உள்ளேயேதான் இருந்தேன். ஓபலும் பக்கத்து வீட்டுல உள்ளேயே இருந்தா. ரெண்டு பேரும் ரெண்டு மாசமா ஒரே வேலிக்கு ரெண்டு பக்கமும் உக்காந்துக்கிட்டு, விளையாட யாருமே இல்லைன்னு அழுதிருக்கோம்."

தலைவி வீட்டு மாடியில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னச் சிரிப்பு. பாதியில் யாரோ கையால் பொத்தியது மாதிரி நின்றுவிட்டது.

தெருவே அடங்கிப்போயிற்று. லேலண்ட் தலைவியைப் பார்த்தான். அந்த அம்மாள் முகத்திலிருந்த சிரிப்பு முதல் தடவையாகக் கலைந்தது. அதற்கு அடியில் வேறு யாரோ ஒரு பெண் இருந்தாள். ரொம்பக் களைத்துப்போன, தூக்கமில்லாத ஒரு பெண்.

"கிளி," என்றார் தலைவி.

ஓபல் மேபலைப் பார்த்தாள். மேபல் தலைவியை அண்ணாந்து பார்த்து, பெரியவர்களிடம் பேச வேண்டிய மரியாதையோடு கேட்டாள்.

"உங்க கிளி எங்களோட விளையாட வருமா?"

மாடிப்படியில் வெறுங்காலோடு யாரோ ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது. பாதிப் படியில் நின்றது. "அம்மா, போகட்டா?" என்று கேட்டது.

தலைவி மார்லிஸ் ஹாகன் தெருவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஒன்பது வருடமாகச் சுவரில் மாட்டி வைத்திருந்த கேடயங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்டரைக்குள்ள வந்துடணும்," என்றார் கிளியிடம். "செருப்பு போட்டுக்கிட்டுப் போ."